ஃப்ளை ஃபிஷிங்குக்குத் தங்கூசி போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர், பூச்சி போலக் கட்டிய ‘ஃப்ளை’யை வீசி மீன் பிடிக்கும் 5 எண் ஃப்ளை ராடும் (கோலும்) லைன் சுற்றும் ரீலும் பரிசாகத் தந்திருக்கிறார். ஏப்ரலில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க இமாச்சலப் பிரதேசத்தின் திர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போகிறீர்கள். ரீலில் லைன் இல்லை. கடைகளில் ‘5’ என்று எண் போட்ட லைன்களே பல வகை, விலையோ மலைக்கும் மடுவுக்கும். இதற்கு மேல் லைனின் முனையில் கட்டும் லீடர் என்று ஒன்றும் வாங்க வேண்டுமாம். பார்த்தால் ஒன்பதடித் தங்கூசிதானே (நைலான் தூண்டில் நரம்பு), பவானியில் கெண்டைக்குப் போடும் தங்கூசியையே கட்டிக்கொண்டால் ஆகாதா என்கிறீர்கள். எந்த லைன் என்பதைவிட இந்தக் கடைசிச் சந்தேகம்தான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. சரியான இடத்தில்தான் உறுத்துகிறது. மீன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் அந்த ஒன்பதடியில்தான் இருக்கிறது.

நான் கோவையில் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். 2006 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் குலு பக்கத்து ஆறுகளில் ஃப்ளை வீசிவருகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிறிய, குளிர்ந்த, பாறை நிறைந்த மலையாறுகள். கடலில் ஃப்ளை வீசுகிறவர்களுக்கும் மகசீர் என்ற மீனுக்காகப் பெரிய ஆறுகளில் நிற்பவர்களுக்கும் வேறு கணக்குகள் உண்டு. அவற்றில் எனக்கு அனுபவம் இல்லை என்பதால் இந்தப் பதிலை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

தங்கூசி பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். லீடருக்குத் தங்கூசி ஆகும். ஒரே தடிமன் உள்ள ஒற்றைத் துண்டாக ஆகாது.

காரணம் எளிது. நம் ஊர்த் தூண்டிலில் எடை ஈயக்குண்டில் இருக்கிறது. குண்டு பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃப்ளை என்பது முள்ளில் சுற்றிய இறகும் நூலும்தான், ஓரிரண்டு அரிசிமணி எடைகூடத் தேறாது. அதை எவ்வளவு வேகமாக வீசினாலும் உங்கள் காலடியிலேயே விழும். அதனால் எடையை லைனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பறப்பது லைன், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போவது ஃப்ளை. மாட்டு வண்டிக்காரரின் சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்கு அருகில் தடித்து, போகப்போக மெலிந்து, முனையில் நூலாக முடிகிறது. கை கொடுத்த விசை தடித்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதிக்குப் படிப்படியாக இறங்கி முனைவரை போய்ச் சேர்கிறது. ராடு, லைன், லீடர், அதன் கடைசித் துண்டான டிப்பெட் நான்கும் சேர்ந்து ஒரே சாட்டை. லைனின் முனை ஏறக்குறைய 0.9 மி.மீ. தடிமன் இருக்கும். அதில் திடீரென்று 0.20 மி.மீ. தங்கூசியைக் கட்டினால் விசை அந்த முடிச்சிலேயே நின்றுபோகிறது. ஒன்பதடித் தங்கூசியும் சுருண்டு, லைன் முனையின் மேலேயே ஒரு குவியலாக விழும். முதல் ஆண்டு நான் பார்த்தது அந்தக் குவியலைத்தான். வீசத் தெரியவில்லை என்று மூன்று நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

இனி லைனுக்கு வருகிறேன். எண் என்பது எடை. லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்து அமெரிக்கக் கருவி உற்பத்தியாளர்கள் 1960-களின் தொடக்கத்தில் ஒரு பொதுக் கணக்கு ஏற்படுத்தினார்கள். அதை கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள். 4 எண் லைனுக்கு 120 கிரெயின், 5-க்கு 140, 6-க்கு 160. 140 கிரெயின் என்பது ஏறத்தாழ 9 கிராம், ஒரு சவரனைவிடச் சற்று அதிகம். உங்கள் 5 எண் ராடு அந்த எடையை முதுகில் ஏற்றிக்கொண்டு வளைந்து நிமிரும்படி செய்யப்பட்டது.

இந்தக் கணக்கை இன்று எல்லாரும் அப்படியே கடைப்பிடிப்பதில்லை. இப்போதைய ராடுகள் விறைப்பானவை என்பதால், பெட்டியில் 5 என்று போட்டு அரை எண்ணோ ஒரு முழு எண்ணோ கூடுதல் எடை வைத்த லைன்களைத் தெரிந்தே செய்கிறார்கள். இது ஏமாற்று அல்ல, பெட்டியின் பின்புறத்தில் கிரெயின் அளவைப் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். ஆகவே முன்பக்கத்து எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் பின்பக்கத்து கிரெயினைப் பாருங்கள். திர்த்தன் அகலமான ஆறு அல்ல. பாறைகளுக்கு இடையே 15 அடி, 20 அடி தள்ளி ஃப்ளையை வைக்கிற வேலைதான் அங்கே அதிகம். 30 அடி லைன் வெளியே போனால்தான் 140 கிரெயின். நீங்கள் 15 அடி மட்டும் விட்டால் ராடின் மேல் ஏறுவது அதில் பாதிகூட இல்லை, ஏனென்றால் முனைப் பகுதி மெலிந்தது. ராடு வளையாது, கையில் குச்சி போல நிற்கும். அதனால் உங்களுக்கு 150 முதல் 160 கிரெயின் வரை உள்ள ‘5’ லைன் நன்றாகப் பொருந்தும். அகன்ற ஆற்றில் தொலைவாக வீசுகிறவருக்கு இதையே சொல்ல மாட்டேன்.

பெட்டியில் டபிள்யூ.எஃப். என்று இருந்தால் எடை முன்பகுதியில் குவிந்திருக்கிறது என்று பொருள், பின்னால் இருப்பது மெல்லிய பகுதி. டி.டி. என்று இருந்தால் இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலிந்து நடுப்பகுதி சமமாக இருக்கும். 30 அடிக்குள் வீசும்வரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. டி.டி.யில் ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், சிக்கனக்காரருக்கு அது நல்லது. முதல் லைன் மிதப்பதாக இருக்கட்டும், அதாவது எண்ணுக்குப் பின் எஃப் என்ற எழுத்து வர வேண்டும். மூழ்கும் லைன் வேறொரு கலை, இந்தப் பயணத்துக்கு வேண்டாம். விலை விஷயத்தில் என் கருத்து: நடுத்தர விலை போதும். உயர்ந்த விலை லைன்கள் ராடின் வளையங்களில் இன்னும் வழுக்கிப் போகும், குளிரில் குறைவாகச் சுருளும், அது உண்மை. ஆனால் 20 அடி வீச்சில் அந்த வழுக்கலால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. மிச்சமாகும் பணத்தை டிப்பெட்டில் போடுங்கள்.

நூல் தொழிலில் இருந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நைலான் வரும்வரை கையிலிருந்து ஃப்ளை வரை எல்லாமே பட்டுதான். லைன், எண்ணெய் ஊட்டிப் பின்னிய பட்டு நூல். மாலையில் ரீலிலிருந்து கழற்றிக் காயவைத்து, மறுநாள் மெழுகு பூசினால்தான் மிதக்கும். எடைக் கணக்கு வருவதற்கு முன் அவற்றைத் தடிமனின் எழுத்தால் அழைத்தார்கள். ‘எச்.டி.எச்.’ என்றால் இரு முனையும் 0.025 அங்குலம், நடுப்பகுதி 0.045 அங்குலம். லீடரோ பட்டுப்புழு நூல் நூற்பதற்கு முன்பே அதன் பட்டுச் சுரப்பியை எடுத்து நீட்டி உலர்த்திய இழை. ஸ்பெயினின் முர்சியா பகுதி அதற்குப் பெயர் பெற்றது. அந்த இழையை மெல்லியதாக்க அச்சுத் துளையின் வழியே இழுப்பார்கள். ஒருமுறை இழுத்தால் 1X, இருமுறை இழுத்தால் 2X. நீங்கள் குழம்புகிற 4X, 5X என்ற குறிகள் அங்கிருந்து வந்தவை என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். திருப்பூர், கோவைக்காரருக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. 60-ஆம் நம்பர் நூல் 40-ஐவிட மெல்லியது அல்லவா, அதே போக்குதான். எண் ஏற ஏற இழை மெலியும்.

இன்று அந்த X வெறும் தடிமன் கணக்கு. 11-இலிருந்து X எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5X என்றால் 11-இல் 5 போக 6, அதாவது 0.006 அங்குலம், மி.மீ. கணக்கில் 0.15. அதே போல 4X 0.18 மி.மீ., 3X 0.20 மி.மீ., 6X 0.13 மி.மீ. எத்தனை பவுண்டு தாங்கும் என்பது இதிலிருந்து வராது, அது தயாரிப்பவரைப் பொறுத்தது. தங்கூசி வாங்கும்போது இதுதான் பிரச்சினை. மலிவான சுருளில் 0.20 என்று அச்சிட்டிருப்பதை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 0.24 இருக்கும். பவுண்டு கூடுதலாகக் காட்டுவதற்காகத் தடிமனைக் குறைத்துப் போடுகிற பழக்கம் அது. ஆலையில் பழகிய கை என்பதால் நான் எந்தச் சுருளையும் அளக்காமல் பயன்படுத்துவதில்லை. உங்களிடம் மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் மெக்கானிக் கடையிலோ லேத் பட்டறையிலோ இரண்டு நிமிடம் இரவல் கேளுங்கள்.

சரி, தங்கூசியில் லீடர் கட்டுவது எப்படி? பழைய விதி ஒன்று உண்டு: நீளத்தில் அறுபது பங்கு தடித்த பகுதி, இருபது பங்கு மெலியும் பகுதி, இருபது பங்கு டிப்பெட். ஒன்பதடிக்கு, அதாவது 108 அங்குலத்துக்கு, நான் கட்டுவது இது. 0.50 மி.மீ. தங்கூசியில் 36 அங்குலம், அடுத்து 0.45-இல் 16, பிறகு 0.40-இல் 12. இத்தோடு தடித்த பகுதி முடிந்தது. அதன்பின் 0.35, 0.30, 0.25, 0.20 நான்கிலும் ஆறாறு அங்குலம். கடைசியில் 0.15-இல், அதாவது 5X-இல், 20 அங்குல டிப்பெட். சொன்னவை முடிச்சுப் போட்ட பின் மிஞ்ச வேண்டிய நீளங்கள், வெட்டும்போது இரு பக்கமும் கூடுதலாக விடுங்கள். தடித்த பகுதிக்கு நல்ல விறைப்பான தங்கூசியே வேண்டும், அதில் நம் கடைச்சரக்கு குறை வைக்காது. டிப்பெட்டை மட்டும் தங்கூசியில் போடாதீர்கள். அங்கே மென்மையும் சீரான தடிமனும் வேண்டும், அதற்கென்று விற்கும் சுருளையே வாங்குங்கள். முதல் பயணத்துக்கு இத்தனை முடிச்சுப் போட நேரமில்லை என்றால், முடிச்சே இல்லாமல் ஒரே இழையாக மெலிந்து வரும் ஒன்பதடி 4X லீடர் இரண்டு வாங்கி, முனையில் 5X டிப்பெட்டை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். தொடங்குகிறவருக்கு அதுவே நல்லது. கட்டிய லீடரின் முடிச்சுகளில் பாசியும் சருகும் மாட்டும்.

எந்த X என்பதற்கு முள்ளின் எண்ணை 3-ஆல் வகுக்கச் சொல்வார்கள், சிலர் 4-ஆல். 16 எண் முள்ளுக்கு முதல் கணக்கில் 5X, இரண்டாவதில் 4X. இது நடைமுறைக் கணக்குதானே தவிர இயற்பியல் விதி அல்ல. பருத்த இறகு வைத்த ஃப்ளை காற்றைப் பிடிக்கும். அதை 6X-இல் கட்டினால் பம்பரம் போலச் சுற்றி டிப்பெட்டை முறுக்கிவிடும். அதே எண் முள்ளில் ஒல்லியான ஃப்ளை என்றால் 6X-இலும் முறுக்காது. காற்று அடித்தால் லீடரை ஏழரை அடியாகக் குறைத்துவிடுங்கள். மீன்குஞ்சு போலச் செய்த பெரிய ஃப்ளைகளுக்கும் ஏழரை அடி, 3X.

டிப்பெட் நீளத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரு மே மாதம், திர்த்தனில் நாகினி என்ற ஊருக்குக் கீழே ஒரு பெரிய பாறையின் நிழலில் பழுப்பு டிரவுட் ஒன்று நின்று, மேலே வரும் பூச்சியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. பாறைக்கும் எனக்கும் நடுவே ஒரு வேகமான ஓட்டம், பாறையை ஒட்டி மெதுவான நீர். என் ஃப்ளை மெதுவான நீரில் விழுந்த உடனே, நடுவில் கிடந்த லைனை ஓட்டம் பிடித்துக்கொள்ளும். அடுத்த நொடி ஃப்ளை நீரில் கோடு கிழித்துக்கொண்டு நகரும். நிஜப் பூச்சி அப்படி நகராது. மீன் எழும்பி வந்து, முகத்தருகே பார்த்துவிட்டு, திரும்ப இறங்கியது. மூன்று முறை ஃப்ளையை மாற்றினேன், பயனில்லை. பிறகு முதலில் போட்ட ஃப்ளையையே கட்டி, டிப்பெட்டை மட்டும் 20 அங்குலத்திலிருந்து 32 அங்குலமாக்கினேன். நீண்ட டிப்பெட் நேராக விரியாமல் பாம்பு போல நெளிந்து விழுந்தது. ஓட்டம் லைனை இழுக்க, அந்த நெளிவுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து முடிய நான்கைந்து நொடி பிடித்தது. அதுவரை ஃப்ளை சருகு போலச் சும்மா மிதந்தது. இரண்டாவது வீச்சில் மீன் எடுத்தது. ஒரு மீனை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு ஃப்ளையை மாற்றும் முன் டிப்பெட்டை நீட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, பல முறை அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

நைலானா, ஃப்ளூரோகார்பனா என்றும் கேட்டிருந்தீர்கள். ஃப்ளூரோகார்பன் இழையை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-இல் கொண்டுவந்தது. உறுதியாகத் தெரிந்தவை இவை: அது நீரைவிட நன்கு கனமானது, அடர்த்தி 1.8-க்குச் சற்றுக் குறைவு. நைலானுக்கு 1.14. அதனால் அது வேகமாக மூழ்கும். உராய்வைத் தாங்கும், நீரை உறிஞ்சாது. நைலான் நீரை உறிஞ்சிச் சற்று வலுக் குறையும், வெயிலிலும் நலியும். ஆகவே நீருக்குள் போகும் நிம்ப் வகை ஃப்ளைகளுக்கு ஃப்ளூரோகார்பன், மேலே மிதக்கும் ஃப்ளைக்கு நைலான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ‘மீனின் கண்ணுக்கே தெரியாது’ என்று பெட்டியில் போடுகிறார்களே, அதுதான் ஐயத்துக்கு உரியது. ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில். ஃப்ளூரோகார்பன் நீருக்கு நெருக்கமாக இருப்பது மெய்தான், ஆனால் நெருக்கம் வேறு, மறைவது வேறு. என் அனுபவத்தில் மீன் விலகுவது இழையைக் கண்டு அல்ல, ஃப்ளை தவறாக நகர்வதைக் கண்டுதான். லைனின் நிறத்தைப் பற்றியும் இப்படியே இரு கட்சி உண்டு. மங்கல் நிறம்தான் வேண்டும் என்று வாதிடுபவர்களை மதிக்கிறேன். ஆனாலும் புதியவர் லைன் எங்கே கிடக்கிறது என்று பார்த்துப் பழக வேண்டும் என்பதால், உங்களுக்கு வெளிர் நிறத்தையே சொல்வேன். மீனுக்கும் லைனுக்கும் இடையில்தான் ஒன்பதடி லீடர் இருக்கிறதே.

முடிச்சுகளில் கைவைக்கும் முன் எச்சிலோ நீரோ தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வின் சூட்டில் இழை நலிந்துவிடும். டிப்பெட் அறுந்தால் எடுத்து எறியாமல் முனையை உற்றுப் பாருங்கள். பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது, குறை உங்கள் கையில். சுருளாமல் வெடுக்கென்று அறுந்திருந்தால் பாறையில் உரசிய காயமோ, வீசும்போது தானாக விழுந்த முடிச்சோ காரணம். அப்படித் தானாக விழும் ஒற்றை முடிச்சு இழையின் வலுவில் பாதியைக்கூடத் தின்றுவிடும். பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒருமுறை இரு விரலுக்கு நடுவே டிப்பெட்டை ஓடவிட்டுப் பாருங்கள், தட்டுப்பட்டால் தயங்காமல் வெட்டிவிடுங்கள். லைனின் முனைக் கண்ணியையும் லீடரின் கண்ணியையும் கோக்கும்போது, இரண்டும் கைகுலுக்குவது போல ஒன்றையொன்று சமமாகப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கண்ணி மற்றதன் கழுத்தை நெரிப்பது போல மடங்கியிருந்தால், பிரித்து மறுபடி கோத்துவிடுங்கள். லைனின் மேல்பூச்சு அந்த இடத்தில்தான் வெடிக்கும். கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையால் லைனைத் தொடவே கூடாது, அதிலுள்ள டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

மிகவும் மெல்லிய டிப்பெட்டில் பிடித்துக் காட்டுவதைப் பெருமையாகச் சொல்பவர்களைச் சந்திப்பீர்கள். அதைப் பின்பற்ற வேண்டாம் என்று உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். 6X-இல் மாட்டிய மீனைப் பயந்து பயந்து நெடுநேரம் இழுத்தால், விடுவித்த பிறகும் அது தேறுவது கடினம். இந்த டிரவுட்டின் முன்னோர் 1900 வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கும், 1909-இல் குலுவுக்கும் வந்து சேர்ந்தவை. நூறு ஆண்டுக்கு மேலாக அந்த நீரில் பிழைத்துக் கிடக்கின்றன. ஓட்டமான நீரில் 5X-ஐவிட மெல்லியதற்குப் போகாமல், முள்ளின் முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டு, நனைத்த கையால் பிடித்து நீருக்குள்ளேயே விடுங்கள். அறுத்த துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூரோகார்பன் மட்காது, பறவைகளின் காலில்தான் போய்ச் சுற்றும்.

திர்த்தனில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை மீன்பிடிக்கத் தடை, ஏப்ரலில் தடையில்லை. மாநில மீன்வளத்துறையின் அனுமதிச்சீட்டு கட்டாயம், அதைக் கையில் வைத்திருங்கள். ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியிருக்கும். காலையில் தெளிவாக இருக்கும் நீர் பிற்பகலில் ஏறிக் கலங்கலாம். தெளிவாக இருக்கும்போது ஒன்பதடியும் 5X-உம், கலங்கினால் ஏழரை அடியும் 4X-உம். இரண்டு லீடர், 4X-இல் ஒரு சுருள், 5X-இல் ஒரு சுருள் போதும், 6X வாங்க வேண்டாம். லைன் வாங்கும் முன் பெட்டியின் பின்புறத்தில் உள்ள கிரெயின் அளவையும், ராடில் கைப்பிடிக்கு மேலே எழுதியிருப்பதையும் இங்கே எழுதுங்கள். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன்.